எங்க ஊர்ல இது எங்க நிக்கும்?

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நினைவு நாளுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். உங்கள் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து, "எம்.பி. ஐயாவைப் பத்தி நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாங்கம்மா" என்று கேட்டார்கள். நான் வேறு கட்சி என்பது அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் நின்ற எந்தத் தேர்தலிலும் நான் உங்களுக்கு ஓட்டுப் போட்டதில்லை. அதை ஒவ்வொரு தடவையும் உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "பரவால்ல மல்லிகா, சாப்ட்டுட்டுப் போ" என்பீர்கள்.

அதனால் மங்காத விளக்கே, மக்களின் மூச்சே என்றெல்லாம் எனக்கு எழுத வராது. அதற்கு உங்கள் கட்சியில் ஆட்கள் இருக்கிறார்கள். சுவரொட்டியில் உங்கள் மீசையைக்கூட அடர்த்தியாக்கிவிட்டார்கள். பார்த்தால் யாரோ சினிமாக்காரர் மாதிரி இருக்கிறீர்கள். நான் ஊர்ச் செய்தி சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் அக்கா, உங்கள் அஞ்சலை. நன்றாக இருக்கிறாள். மூட்டு வலி போகவில்லை. ஆனாலும் விடிந்ததும் உப்பளத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். "யாருக்காவது குத்தகைக்கு விட்டுட்டு வீட்ல இரேன்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம், அளம் அந்தப் பக்கம். நடுவில் இருக்கும் ரோட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நாடாளுமன்றத்தில் நீங்கள் பேசுவதை டி.வி.யில் பார்ப்பது எங்கள் வீட்டில் ஒரு தண்டனை. ஏற்ற இறக்கம் கிடையாது, கை ஆட்டுவது கிடையாது. ரேஷன் கடையில் சரக்கு வந்துவிட்டது என்று அறிவிக்கிற மாதிரி ஒரே குரல். உப்பளத்து எம்.பி.யின் பேச்சு உப்புச் சப்பில்லாமல் இருக்கிறதே என்று எங்கள் கட்சி மேடைகளில் சொல்லாதவர்கள் கிடையாது. நானே சொல்லியிருக்கிறேன். அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

பஸ் ஸ்டாப் எம்.பி. என்ற பெயர் மட்டும் நாங்கள் வைத்ததில்லை. அது நீங்களாகத் தேடிக்கொண்டது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஓடுகிற விரைவுப் பேருந்துகள் நம்மூரில் நிற்காமல் போகின்றன என்று டெல்லியில் எழுந்து பேசினீர்கள். அது மாநில அரசின் விஷயம், உட்காருங்கள் என்று சபாநாயகர் சொன்னார். நீங்கள் உட்காரவில்லை. "பஸ் அவங்களது, ரோடு உங்களது. நடுவுல நிக்கிற ஜனம் யாருதுங்க?" என்று அதே ரேஷன் கடைக் குரலில் கேட்டீர்கள். அவையில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

பஸ் நின்றதா? நின்றது. கொஞ்ச காலம் நின்றது, பிறகு நிற்கவில்லை, அப்புறம் இன்னொரு முறை நீங்கள் கேட்டு மறுபடி நின்றது.

அன்றிலிருந்து உங்களுக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. எந்த மசோதா வந்தாலும், அது வங்கியைப் பற்றியதோ வெளிநாட்டு ஒப்பந்தமோ, கடைசியில் வந்து இதில்தான் முடிப்பீர்கள்: "எல்லாம் சரிங்க ஐயா. எங்க ஊர்ல இது எங்க நிக்கும்?" செல்போன் கோபுரம் பற்றிய விவாதத்தில் நம் பக்கத்து ஊர் பிரம்மதேசத்தில் சிக்னல் கிடைக்காததைச் சொல்லிவிட்டுக் கேட்டீர்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான சட்டம் வந்தபோது கோட்டக்குப்பத்து ஆள் ஒருவரின் கதையைச் சொன்னீர்கள். அவர் பாஸ்போர்ட்டை வளைகுடாவில் முதலாளி பிடுங்கி வைத்திருந்தான். "உங்க சட்டம் விமானம் ஏறிப் போனா, அந்த ஆளு ரூம் கதவுகிட்ட நிக்குமா, இல்ல இங்க ஏர்போர்ட்டுலயே நின்னுடுமா?"

அந்த ஆள் ஊர் திரும்பினார். உங்கள் சாவுக்கு வந்து ஓரமாக நின்றார். "சட்டம் வந்துச்சோ இல்லையோ தெரியாதும்மா, பேச்சு வந்துச்சு. அந்த பயத்துல அவன் பாஸ்போர்ட்டக் குடுத்துட்டான்" என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். ஒரு கேள்வி அவ்வளவு தூரம் போகுமா என்று அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். உங்களுக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லையா?

இனி ரோட்டுக்கு வருகிறேன்.

கடற்கரைச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்த உடனேயே, அளத்துக்குப் போகும் பெண்களுக்கு ரோட்டின் அடியில் ஒரு வழி வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். கேள்வி நேரம் முடிந்ததும் உறுப்பினர்கள் அவசர விஷயம் எழுப்புகிற நேரமில்லா நேரத்தில். அந்தப் பெயரே எனக்குச் சிரிப்பு. அன்றைக்கு அவை வேறு ஏதோ பெரிய மசோதாவில் கொதித்துக்கொண்டிருந்தது. நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. நீங்கள் எழுந்து உப்புக் கூடையைப் பற்றி ஆரம்பித்தீர்கள். உடனே நம் மாநிலத்து உறுப்பினர் ஒருவர், எங்கள் கட்சிக்காரர்தான், குரல் கொடுத்தார். "நாடு பத்தி எரியுது, இவர் உப்புப் பெறாத விஷயத்தைப் பேசிட்டு இருக்காரு!"

கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நல்ல அடி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

நீங்கள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "உப்புப் பெறாதுன்னு சொல்றாருங்க ஐயா. நான் உப்பு விளையிற ஊர்க்காரன். உப்பு என்ன பெறும்னு எனக்குத் தெரியும். அதைத் தலையில வச்சுக்கிட்டு ரோட்டத் தாண்டுற பொம்பளை என்ன பெறுவான்னு அமைச்சர்தான் சொல்லணும்." இங்கிலீஷில் அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அமைச்சர் காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புக் கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

பதில் வந்தது. பரிசீலிக்கப்படும்.

அந்த வார்த்தை நம் வீட்டுக்குப் புதிதில்லை. சமையல்கட்டு ஒழுகுகிறது என்று அக்கா சொன்னால், "பரிசீலனையில இருக்கு அஞ்சலை" என்பீர்கள். ஒரு தடவை என்னை டெல்லிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் உட்காருகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அதுவும் பரிசீலனையில் இருந்தது. சமையல்கட்டை ஒரு வழியாகச் சரி செய்தீர்கள். டெல்லி அப்படியே நின்றுவிட்டது. நெஞ்சுவலி வந்த அன்றைக்குக்கூட "அடுத்த கூட்டத்தொடருக்குக் கண்டிப்பா" என்று சொன்னீர்களாம். அக்கா அதைச் சொல்லும்போது சிரிக்கிறாளா வேறு என்னவா என்று எனக்குப் பிடிபடுவதில்லை.

நீங்கள் போன பிறகு ரோடு வந்துவிட்டது மாமா. நல்ல ரோடு, குறை சொல்ல முடியாது. வண்டிகள் பறக்கின்றன. இப்போது நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு வருகிறார்கள். வடக்கிலிருந்து ஆரம்பித்து நம் பக்கமாக வளர்ந்துகொண்டே வந்தது. வரைபடத்தில் நம் அளத்துக்கு எதிரே வழியும் இல்லை, அடியில் பாதையும் இல்லை. ரொம்ப தூரம் போய்ச் சுற்றி வர வேண்டும். தலைச் சுமையோடு யார் சுற்றுவார்கள்? சுவரை ஏறித் தாண்டத்தான் பார்ப்பார்கள்.

சுவர் வருவதற்கு முன்பே செங்கேணி அடிபட்டாள். உங்களுக்குத் தெரிந்தவள்தான், நம் அளத்தில் உப்பு வாருகிறவள், உங்கள் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவாளே, அவள். கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு முறிந்தது. பிழைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு எட்டு முன்னால் அக்கா போய்க்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் உங்கள் போட்டோ முன்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். ஒரு வழி கேட்டீர்களே, அது கிடைக்கும்வரை இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நான் இப்போது ஊராட்சித் தலைவர் என்பதை மேலேயே சொல்லியிருக்க வேண்டும். பெண்களுக்கு ஒதுக்கினார்கள், நின்றேன், ஜெயித்தேன். உங்கள் கட்சிக்காரர்கள் எதிர்த்து வேலை செய்தார்கள். அக்கா யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ரோடு போடுகிறவர்களின் பொறியாளரை ஊராட்சி அலுவலகத்துக்கு வரவழைத்தேன். சின்னப் பையன், மரியாதையான பையன். நாற்காலி போதாமல் அளத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். செங்கேணி கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு சுவரோரம் இருந்தாள். அந்தப் பையன் மடிக்கணினியைத் திறந்து, சென்னை, புதுச்சேரி, துறைமுகம், சுற்றுலா, பயண நேரம் எவ்வளவு மிச்சம் என்று எல்லாம் விளக்கினான். நான் காரசாரமாகப் பேசத்தான் தயார் செய்து வைத்திருந்தேன். மேடையில் நான் எப்படிப் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அவன் முடித்ததும் என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"எல்லாம் சரிங்க சார். எங்க ஊர்ல இது எங்க நிக்கும்?"

அதுவும் உங்கள் குரலில். இழுத்து, தட்டையாக. பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் கட்சிக்காரர் ஒருவர் இருமினார். எனக்கே வெட்கமாக இருந்தது. "நிக்கிறதுன்னா என்னங்க மேடம்? ரோடு நிக்காதே" என்று பாவம் அந்தப் பையன் உண்மையாகவே குழம்பிப் போனான்.

"ரோடு நிக்க வேணாம். நாங்க எங்க நின்னு தாண்டறதுன்னு காட்டுங்க."

திரையில் தேடினான். அளம் இருக்கிற இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மேல சொல்றேன் மேடம். கண்டிப்பா பரிசீலிக்கிறோம்" என்றான்.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். உங்கள் தேர்தல் மேடைகளில்கூட வாய் திறக்காத அக்கா. முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு டெல்லிக்குப் போயி இதே வழியத்தான் கேட்டாரு. இந்த வார்த்தையத்தான் வாங்கிட்டு வந்தாரு. எனக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னாரு. சொல்லிக்கிட்டே இருந்தாரு, என்னை டெல்லிக்குக் கூட்டிட்டுப் போவாமலே போய்ட்டாரு. இந்த வார்த்தை எனக்கு வேணாம்பா. வேற ஏதாவது சொல்லு."

செங்கேணியும், "சொல்லு தம்பி, நாங்க எங்கயும் போவல" என்றாள். அவள் காலுக்கு அது சரியான பேச்சுதான்.

அந்தப் பையன் மடிக்கணினியை மூடினான். "நான் ஒருதரம் வந்து பாக்கிறேம்மா" என்றான். மறுநாள் வந்தான். அக்கா கூடவே ரோட்டைத் தாண்டினான். நடுவழியில் ஒரு பஸ் ஒலி எழுப்பியபோது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். யாருக்காகப் பிடித்தான் என்பது எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

இப்போது செய்தி இதுதான். வடக்கிலிருந்து வந்த சுவர் நம் அளத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. தெற்கே தள்ளிப் போய் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். நடுவில் நம் இடம் திறந்தே இருக்கிறது. வரைபடத்தை மாற்றுகிறார்களாம், அடியில் பாதை வருமாம். மண் தோண்டுவதைக் கண்ணால் பார்க்கும்வரை நான் நம்பப் போவதில்லை. ஆனால் நீங்கள் டெல்லியில் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, அதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. எங்க ஊர்ல அது அக்கா தாண்டுற இடத்துல நிக்குது, மாமா.

அன்றைக்கு ஊராட்சிக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அக்கா என்னிடம், "அப்படியே உங்க மாமா மாதிரியே இழுக்கிற. கேக்கச் சகிக்கல" என்றாள். அதற்கு மேல் எனக்கு யாரும் பாராட்டுப் பத்திரம் வாசிக்க வேண்டாம்.

கட்சி மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு நீங்கள் எழுந்து வந்து நின்றாலும் ஓட்டு கிடையாது. ஆனால் அடியில் பாதை வருகிறவரை அந்தக் கேள்வியை விடமாட்டேன். உங்கள் குரலிலேயே கேட்பேன். அந்தக் குரலைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் அளத்தில் வேலை இல்லை. அக்காவுக்குக் கை சும்மா இருப்பது அப்போதுதான். டெல்லியில் அது குளிர்காலக் கூட்டத்தொடர் நடக்கும் சமயம். நீங்கள் பேசிய பழைய கட்டடத்தை விட்டுவிட்டுப் புதியதற்குப் போய்விட்டார்களாம். பழையதை வெளியே நின்றாவது பார்த்துவிட்டு, புதியதில் பார்வையாளர் மாடத்தில் உட்காருவோம். அனுமதிச் சீட்டை அந்த உப்புப் பெறாத உறுப்பினரிடமே கேட்டு வாங்கியிருக்கிறேன். யாருக்கு என்று சொன்னதும் அக்கா பெயரைத் தானே எழுதிக்கொண்டார். பிறகு, "அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க, குளிரும்" என்றார்.

இது பரிசீலனையில் இல்லை மாமா. ரயில் டிக்கெட் போட்டாயிற்று. அக்காவுக்கு ஜன்னல் பக்கம்.

உங்களுக்கு ஒருமுறையும் ஓட்டுப் போடாத,
உங்கள் கொழுந்தியா
மல்லிகா