நூலக மௌத் ஆர்கன்களைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் தடுக்க வேண்டி

அனுப்புநர்
வே. வரலட்சுமி,
பதினோராம் வகுப்பு மாணவி,
ராசாத்தாள் நகர், துடியலூர் வழி,
கோயம்புத்தூர்.

பெறுநர்
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: ராசாத்தாள் நகர் கிளை நூலகம் – இரவல் தரப்படும் மௌத் ஆர்கன்களில் பூச்சிமருந்துப் பொடி – நூலக வார விழாவில் பிள்ளைகள் அவற்றை வாசிக்க இருப்பது – உடனே தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தெருவிளக்கு வேண்டி பரீட்சையில் எழுதியதைத் தவிர எனக்கு மனு எழுதிப் பழக்கமில்லை. அதில் மதிப்பெண் குறைந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இதில் முடியாது. எழுத்து கோணலாக இருந்தால் பயத்தில் எழுதியது என்று பொறுத்தருளவும்.

1. எங்கள் நூலகத்தில் இரண்டு வகை வாசிப்பும் உண்டு. சென்ற ஆண்டு மில் முதலாளி ஒருவர் ஒரு பெட்டி நிறைய மௌத் ஆர்கன்களையும் ஒரு டோலக்கையும் நன்கொடையாகக் கொடுத்தார். புத்தகத்தைப் போலவே உறுப்பினர் அட்டையைக் காட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். டோலக்கைப் பற்றிப் புகார் இல்லை. அதை யாரும் வாயில் வைப்பதில்லை.

2. எங்கள் பக்கம் சொம்புத் தண்ணீரையே அண்ணாந்துதான் குடிப்போம். "கண்டவங்க வாய் வெச்சதை எம்பட பையன் வாயில வெக்கறதுங்களா?" என்று தாய்மார்கள் நூலகத்துக்கே வந்து சண்டை போட்டார்கள். அதனால் உதவியாளர் திரு. நஞ்சுண்டன், திரும்பி வரும் ஒவ்வொன்றையும் வெந்நீரில் அலசி வைத்தார். உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகள் களிம்பேறிச் சில ஊமையாகிவிட்டன. அதன் பிறகு, புத்தகங்களுக்குச் செய்வதையே இவற்றுக்கும் செய்யத் தொடங்கினார். கரையான் அண்டாமல் இருக்க அலமாரியில் தூவும் கமாக்சின் பொடியை மௌத் ஆர்கன்கள் மேலும் தூவி, துணியால் துடைத்து, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று சீட்டு ஒட்டி அடுக்குகிறார். "புஸ்தகத்துல ஒரு பூச்சி இருக்குதா, பாரு கண்ணு? அதே மருந்துதான். எச்சில் கிருமி கிட்டவே வராது" என்று முன்பொருமுறை என்னிடம் பெருமையாகக் காட்டினார். அப்போது எனக்கும் அது தவறாகப் படவில்லை. அவர் நல்லவர். இம்மனு அவரைத் தண்டிக்கக் கேட்பது அல்ல.

3. ஆனால் துணி மேலே மட்டும்தான் துடைக்கும். ஓட்டைக்குள் இறங்கிய பொடி உள்ளேயே இருக்கும். மௌத் ஆர்கனை ஊதினால் மட்டும் போதாது ஐயா, உறிஞ்சவும் வேண்டும். பாதிச் சுரங்கள் உறிஞ்சினால்தான் வரும்.

4. தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை என் அட்டையில் ஒன்றை எடுத்துவந்து, ஒன்பது வயதான என் தம்பி ஆதர்ஷிடம் கொடுத்தேன். மறுநாள் மாலை வரை கீழே வைக்கவில்லை. பிறகு நாக்கு மரத்துப்போகிறது என்றான். நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் சொல்லி ஏமாற்றுவது என் வேலை. எனக்கே திருப்பிக் கொடுக்கிறான் என்று நினைத்தேன். வாந்தி எடுத்தான். அப்புறம் கைகால் வெட்டி இழுத்தது, பல் கிட்டிக்கொண்டது. கண் என் பக்கமே இருந்தது. ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை. மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டது, "தோட்டத்துக்கு அடிக்கற மருந்து கிருந்து வாயில வெச்சானுங்களா?" என்பதுதான். எங்களுக்குத் தோட்டமே கிடையாது. வீட்டுக்கு ஓடிவந்து மௌத் ஆர்கனைக் கறுப்புக் காகிதத்தில் தட்டினேன். வெள்ளைப் பொடி விழுந்தது. நூலக அலமாரியின் அதே நெடி. தீபாவளி மருத்துவமனையிலேயே போனது. நேற்றுதான் தம்பி வீடு வந்தான். அவன் பிடித்தால் டம்ளரில் தண்ணீர் இன்னும் தளும்புகிறது.

5. இன்று காலை நூலகர் திரு. பாலுசாமியிடம் சொன்னேன். "பட்டாசு மருந்துக் கையோட பலகாரம் தின்னுருப்பான், அம்மணி" என்றார். எங்கள் பட்டாசுக் கட்டு பிரிக்கப்படாமல் பரணில் கிடக்கிறது. அதைச் சொன்னதும், "அமைதி காக்கவும்னு எழுதிவெச்ச போர்டுல காக்கா வரைஞ்சவதானே நீ? இதையும் ஊதிப் பெருசாக்காதே. நாளைக்குள்ள மௌத் ஆர்கனைக் கொண்டாந்து வெக்கலீன்னா போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதிப்போடுவேன்" என்றார். காக்கா நான் வரைந்ததுதான். ஊதியது என் தம்பி.

6. "கம்முனு குடுத்துப்போடு கண்ணு, நமக்கு எதுக்கு வம்பு" என்கிறார் அப்பா. போலீஸ் என்றால் எனக்கும் பயம்தான். ஆனாலும் கொடுக்கவில்லை. கொடுத்தால் மறுபடியும் பொடி தூவி அடுத்த பிள்ளையிடம் நீட்டிவிடுவார்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிப் பூட்டி வைத்திருக்கிறேன். திருடவில்லை.

7. வரும் 14ஆம் தேதி நூலக வார விழாவில் பிள்ளைகள் எல்லோரும் மேடையில் சேர்ந்து மௌத் ஆர்கன் வாசிக்கிறார்கள். அதற்காக நாளை எல்லாவற்றையும் 'இன்னும் நல்லா' சுத்தம் செய்யப்போவதாக நஞ்சுண்டன் சொன்னார். 'இன்னும் நல்லா' என்றால் இன்னும் நிறையப் பொடி, ஐயா. அடுத்த வீட்டுக் கவினும் வாசிக்கிறான். வேண்டாமென்று எச்சரித்தேன். "போங்கக்கா, உங்களுக்கு வேற வேலையில்ல" என்று சிரித்துவிட்டு ஓடினான்.

ஆகவே ஐயா, தாங்கள் உடனே ஆள் அனுப்பி அந்த அலமாரியைப் பூட்டி முத்திரையிட வேண்டும். பொடி பட்ட எதையும் இனி வாயில் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்கிறார். ஆகவே அவற்றை அடியோடு அப்புறப்படுத்த வேண்டும். வெளியே இரவல் போனவற்றையும் வீடு தேடிப்போய் வாங்க வேண்டும். இனி வாத்தியங்களை எதைக்கொண்டு சுத்தம் செய்வது என்று திரு. நஞ்சுண்டனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். இதுவரை யாரும் சொல்லவில்லை.

யாரும் வராவிட்டால் நானே மேடையேறி மைக்கைப் பிடித்துக் கத்துவேன். ஆனால் அதையும் என் விளையாட்டு என்று நினைத்து எல்லோரும் கைதட்டுவார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதுதான் ஐயா என் பயம்.

இடம்: ராசாத்தாள் நகர்
நாள்: 12-11-1996

இம்முறை விளையாடாத,
வே. வரலட்சுமி

இணைப்பு: மருத்துவமனைச் சீட்டின் நகல். இம்மனுவை நேரில் கொண்டுவந்து கொடுத்தும் மௌத் ஆர்கனைக் கொண்டுவரவில்லை. தங்கள் அலுவலகத்தில் யார் கையில் கிடைத்தாலும் முதலில் வாயில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.