ஸ்டாண்டில் தொங்கின உப்பு

செவ்வாய் ராத்திரி, மரக்காணம்.

அப்பாடா. கேமராவை ஃப்ரெண்டு சேகர்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டேன். விடிஞ்சா அவனுக்குக் கல்யாண ஷூட்டிங்.

போன தடவை பாண்டிச்சேரி பீச் ரோட்டுப் பழைய கட்டடத்தை எடுத்தப்போ, கடல்காத்துல கேமரா ஸ்டாண்டு ஆடி, படத்துல ஜன்னலெல்லாம் ரெண்டு ரெண்டா விழுந்துச்சு. அடியில கனமா ஏதாவது தொங்கவிடுன்னான் சேகர். எங்க வீட்டுல கனத்துக்கா பஞ்சம்? இன்னிக்கு அதே இடத்துக்குப் போய், கண்ணாடிக் கவர்ல எங்க உப்பளத்து உப்பைக் கட்டித் தொங்கவிட்டேன்.

இருட்டுல பட்டனை அழுத்தினா கேமரா ஒரு நிமிஷம் திறந்தே இருக்கும்; அதுக்குள்ள அசையாம நிக்கிறதுதான் படத்துல விழும். அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ்காரர் வந்துட்டார்.

"ஏம்பா, கவர்ல என்ன வெள்ளையா?"

"உப்பு சார்."

"யார்கிட்ட கதை விடற?"

உப்பை உப்புன்னு சொன்னா நம்பமாட்டாராம்! எரிச்சலா வந்துச்சு. ஆனா கேமராவோட ஸ்டேஷனுக்கு வான்னுட்டா சேகருக்கு என்ன பதில் சொல்றது?

அவரே கவர்லேர்ந்து ஒரு உப்புக்கல்லை எடுத்துக்கிட்டு எதிர்ல போனார். கட்டடத்து வாசல் லைட்டுக்குக் கீழ நின்னு பார்த்தார். நாக்குல வச்சார். அப்படியே அசையாம நின்னார். அப்புறம் திரும்பி வந்து கவரையே அவிழ்த்துக்கிட்டார்.

"நல்ல உப்புப்பா. ஊறுகாய்க்கு ஆவும்."

கனமும் போச்சு, அதோட படமெடுக்கறதும் போச்சு. கிடைச்சது அந்த ஒரு படம்தான். போனுக்கு மாத்தி வச்சிருந்ததை இப்பதான் பெருசு பண்ணிப் பார்த்தேன். ஒரு ஜன்னல்கூட ஆடல. ரோட்டுல நடந்துபோன அத்தனை பேரும் மறைஞ்சு போயிட்டாங்க. வாசல்ல அவர் மட்டும் நிக்கிறார், வாயில விரலை வச்சுக்கிட்டு.