இரண்டாவது அட்டை

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் கேன்டீன் பெண் ஒருத்தி வாக்குத்தத்த அட்டைகள் அடுக்கிய டப்பாவை என் முன் நீட்டினாள். புது வருடத்துக்கு ஆளுக்கொரு வேதவசனம். "எடு மேடம், அல்லாரும் எட்த்தாச்சு. இன்னா, பயமாக்கீதா?" என்று சிரித்தாள். பயமாகத்தான் இருந்தது. தலைவலி என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன்னிடமும் இப்படி ஒரு டப்பா இருந்தது. ஆலைகளில் ஷிப்டுகள் குறைந்து, ஒரகடம் சாலையே வெறிச்சென்று கிடந்த அந்த வருடம். நீ எங்கள் ஆலையின் முதலுதவி அறை நர்ஸ். நான் பணியாளர் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் அதிகாரி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். வேறொரு ஆலையின் சூப்பர்வைசர் உன்னைப் பெண் கேட்டிருந்தார். முப்பத்து நான்கு வயதில் உனக்கு வந்த முதல் வரன். நீ உடனே சம்மதிக்கவில்லை. மூன்று வாரம் உபவாசமிருந்து ஜெபித்தாய். நடுவில் ஒருநாள் ஏசாவின் கதையைச் சொன்னாய்: பசி பொறுக்காமல் ஒரு வேளைக் கூழுக்காகத் தலைமகன் உரிமையையே தம்பிக்குக் கொடுத்தவன்.

"கொஞ்சம் பொறுத்திருந்தா வீட்டுக்குள்ள சோறு இருந்திருக்கும்லாக்கா."

"பசிச்ச அண்ணன்கிட்ட பேரம் பேசினவனை ஏன் யாரும் திட்டறதில்லை?" என்றேன்.

"உங்கள சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனா பாஸ்டரே ஓடிருவாரு."

மூன்றாம் ஞாயிறு மதியம் உன் அட்டை டப்பாவை என்னிடம் கொடுத்தாய். "நான் எடுத்தா என் ஆசைதான் வரும். நீங்க எடுங்கக்கா. நம்பாத கைல கள்ளம் கெடையாது." கண்களை மூடி ஜெபிக்கத் தொடங்கினாய்.

என் கைக்கு வந்தது காத்திருக்கச் சொல்லும் வசனம். உன்னைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, உதடுகள் மட்டும் விடாமல் அசைந்தன. வெறும் காகிதம்தானே என்று தோன்றியது. அந்த முகம் மலர்வதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை என்னை யோசிக்க விடவில்லை. அட்டையைத் திரும்பச் செருகிவிட்டு இன்னொன்றை எடுத்தேன். பயப்படாதே, நான் உன்னோடு இருக்கிறேன் என்றது அது. கண் திறந்து படித்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். உன் மூன்று வார ஜெபத்தை நான் ஒரு நொடியில் முடித்துவைத்தேன்.

கல்யாணமான மறு வருடம், உன் கணவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தாய். முழங்கைக்கு மேல் கன்றிய தடம்.

"போகாதே, இங்கேயே இருந்துடு" என்றேன்.

"அதெப்படிக்கா? ஆண்டவர் வார்த்தை குடுத்துல்லா அனுப்பியிருக்காரு."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போனாய்.

அதிலிருந்து இரண்டாம் வருடம், மஞ்சள் காமாலை முற்றிய பிறகுதான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நர்ஸான உனக்கு முன்பே தெரிந்திருக்கும். நீ கேட்டு அவர் மறுத்தாரா, கேட்காமலே பொறுத்துக்கொண்டாயா, எனக்குத் தெரியாது. பொறுமையுள்ள சகோதரி என்று அடக்கத்தின்போது பாஸ்டர் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

முதல் அட்டை உன்னைக் காப்பாற்றியிருக்கும் என்று இன்றும் நான் நம்பவில்லை. ஆனால் நீ அவரை விட்டுவர மறுத்தது நான் செய்த கள்ளத்தை நம்பித்தான்.

இப்போதெல்லாம் அவசரமாக ராஜினாமாக் கடிதத்தோடு வரும் பெண்களிடம் நாளைக்கு வா என்கிறேன். "இந்த மேடம் சுத்த இழுவ" என்று அவர்கள் பேசிக்கொண்டு போவது காதில் விழுகிறது. அந்த ஒரு நாளை நீயாக இருந்தால் ஜெபத்தில் கழித்திருப்பாய். எனக்கு அது வருவதில்லை. அவர்கள் திரும்பி வரும்வரை, உன்னிடம் சொல்லாமல் விட்டதையே மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்: உன்னை அனுப்பினது ஆண்டவர் இல்லை, நான்தான். வந்துடு.