வலது பக்கத்து இரைச்சல்

பெட்டியைப் பிரித்ததும் டிரான்ஸ்ஃபார்மர் வார்னிஷ் வாசனைதான் முதலில் வந்தது. உனக்கு அது ஆகாது. "புதுச் செருப்பு வேகற மாதிரி இருக்குதுங்க" என்று மூக்கைப் பொத்துவாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த ஆம்ப்ளிஃபயர் இன்று வந்துவிட்டது, அம்மிணி. நீ போய் மூன்று மாதம் ஆகிறது.

கொழிஞ்சாம்பாறைக் கடையிலிருந்து ராவுத்தர் தன் ஸ்கூட்டரிலேயே கொண்டுவந்தார். "சரக்கு வந்து மாசம் ஒண்ணாச்சு தம்பி. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாந்தான் வெச்சிருந்தேன். வேண்டாம்னா சொல்லு, எடுத்துட்டுப் போயிர்றேன்" என்றார். இருக்கட்டும் என்றேன். வாசற்படி இறங்கியவர் திரும்பி நின்றார். "இரைச்சல் துளிகூட இருக்காதுல்லங்கன்னு அந்தப் பொண்ணு எத்தனை வாட்டி கேட்டுச்சு" என்றார். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒயர்களை மாட்டினேன். ஃபேனை நிறுத்தினேன். பாட்டு எதுவும் போடாமல், ஒலியை முழுக்கத் திருகி, ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றுமே இல்லை. நீ கேட்டது இதைத்தான்.

பழையது பாலிடெக்னிக் முடித்த வருடம் நானே செய்தது. நம் கல்யாணத்துக்கு முன்பே இந்த வீட்டில் அது இருந்ததால், அதற்கு நீ 'மூத்தவள்' என்று பேர் வைத்தாய். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மூன்றாம் வகுப்பு நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு ஸ்பீக்கர்களுக்கு எதிரே தரையில் உட்காருவாய். சிவப்புப் பேனாவும் பாட்டும் சேர்ந்து ஓடும். அப்படி ஒரு சாயங்காலம், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் தலையை நிமிர்த்தினாய்.

"ஏனுங்க, உங்க மூத்தவ முனகறாளுங்க."

"அவளுக்கு உன்னைக் கண்டாப் பொறாமை."

"நெசமாத்தானுங்க. வலது பக்கம். உஸ்ஸு உஸ்ஸுன்னு."

நான் காதை வைத்தேன். எனக்குக் கேட்கவில்லை. கஞ்சிக்கோட்டு ஃபேக்டரியில் மெஷின்களுக்கு நடுவே நின்று பழுது பார்த்துப் பார்த்து என் காது மந்தம். அதனால் என் காதைவிட உன் காதை நம்பினேன். ஆனால் உன் காதைவிட மீட்டரை நம்பினேன்.

"ரெண்டு மில்லிவோல்ட்கூட இல்லை அம்மிணி. இதெல்லாம் மனுசக் காதுக்குக் கேக்காது."

"அப்ப நான் மனுசி இல்லீங்களா?"

"சரி, ஒரே சீரா உர்ருன்னு இருக்கா?"

"இல்லீங்க. வந்து வந்து போகுது. காட்டறேன் பாருங்க." பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் முழங்காலில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினாய். "இப்படி... இப்படி... புரியுதுங்களா?"

புரியுது என்றேன். உண்மையிலேயே புரிந்ததாகத்தான் நினைத்தேன். கெப்பாசிட்டர் பலம் குறைந்தால் சில ஆம்ப்ளிஃபயர்கள் இப்படி விட்டு விட்டு இரையும். அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு கெப்பாசிட்டரையும் மாற்றினேன். இருக்குதுங்க என்றாய்.

என் தொழிலில் முதல் பாடம், மாற்றிப் பார்ப்பது. ஒரு பொருளை இடம் மாற்றும்போது பழுதும் கூடவே போனால் பழுது அந்தப் பொருளில். போகாவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும். வலது ஒயரை இடதில் மாட்டினேன்.

"இப்ப எந்தப் பக்கம்?"

"வலதுதானுங்க."

ஸ்பீக்கர் பெட்டிகளையே தூக்கி இடம் மாற்றினேன். வேர்த்துக் கொட்டியது. நீ என் முகத்தைப் பார்த்துத் தயங்கினாய்.

"வலது" என்றாய், மெதுவாக.

"சும்மா சொல்லாதே அம்மிணி. நான் பண்ணுனதுல குறை கண்டுபிடிக்கோணும்னே உக்காந்திருக்கியா?"

"நான் என்னத்துக்குங்க பொய் சொல்றேன்?"

பிளக்கை மாற்றினேன். தென்னை மரத்தோரம் எர்த் குழியைத் தோண்டி உப்பும் கரியும் போட்டேன்; நீ குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாய். அன்றைக்குத் தலைவலி என்று சொன்னதாக ஞாபகம். நோட்டுத் திருத்துகிற தலைவலி என்று நீயே காரணமும் சொன்னாய். பிறகு ஒரு நாள், "ஆஃப் பண்ணியும் கேக்குதுங்க" என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும். கொஞ்ச நேரத்துல போயிரும்" என்றேன். "அப்படீங்களா" என்று குனிந்துகொண்டாய். இந்தத் தொழில் படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உனக்கு நினைப்பு.

கடைசியில் புதிதே வாங்கிவிடுவது என்று முடிவானது. ராவுத்தர் இரண்டு காட்டினார். பெரியதில் வாட் அதிகம், ஆனால் சூட்டைத் தணிக்க உள்ளே ஒரு சின்ன ஃபேன் ஓடும். சின்னதில் வாட் குறைவு, ஆனால் டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாக இரும்புக் கூட்டுக்குள் அடைத்திருந்தார்கள், இரைச்சல் மிகக் குறைவு. எனக்குப் பெரியதன் மேல் கண். நீதான் கையைப் பிடித்து இழுத்தாய்.

"அத்தனை வாட்டை வெச்சுட்டு என்னங்க பண்றது? நாம என்ன மாரியம்மன் நோம்பிக்கா ரேடியோ செட்டு கட்டறோம்? பாட்டு நின்னா ஊடு கம்முனு இருக்கோணும். அவ்வளவுதானுங்க."

ராவுத்தர் சிரித்துவிட்டார். சின்னதற்குச் சொல்லிவைத்தோம். அது வரும்வரை பொறுத்துக்கொள் என்றேன். பொறுத்துக்கறேனுங்க என்றாய்.

நீ வகுப்பில் கரும்பலகை ஓரமாக விழுந்தாய் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். தலைக்குள் ரத்தக்குழாயில் கோளாறு, அது கசிந்துவிட்டது என்றார். "முன்னாடி தலைவலின்னு சொன்னாங்களா? காதுக்குள்ள நாடி அடிக்கிற மாதிரி சத்தம்? ஒரு பக்கம் மட்டும்?"

"வலது பக்கம் சார்" என்றேன். சர்வீஸ் ரிப்போர்ட் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பிறகு கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார். அந்தச் சொல்லுக்குள்தான் இப்போது குடியிருக்கிறேன்.

ஒயரை மாற்றினேன், பெட்டியை மாற்றினேன், பூமியைக்கூடத் தோண்டினேன். மாற்றிப் பார்க்காதது ஒன்றே ஒன்றுதான். "கொஞ்சம் அக்கட்டால திரும்பி உக்காரு அம்மிணி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பாய். அப்போதும் வலது என்றுதான் சொல்லியிருப்பாய். சத்தம் உன்னோடேயே திரும்பியிருக்கும். எனக்குத் தெரிந்திருக்கும்.

இன்று மதியம் நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, உனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டேன். அது முடிந்தது. ஊடு கம்முனு இருந்தது. நீ கேட்ட அதே அமைதி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது என் கை தானாக முழங்காலுக்குப் போய், இரண்டு விரலால் தட்டத் தொடங்கியது. அந்தத் தாளம் எனக்கு அச்சு அசலாக ஞாபகம் இருக்கிறது. எனக்குப் புரிய வேண்டும் என்று நீ பொறுமையாக ரொம்ப நேரம் தட்டினாய். ஒரு பழுதின் தாளத்தை நான் மறப்பதில்லை, தொழில் பழக்கம். இன்னொரு கையால் என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். அது வேறு வேகத்தில் போனது. முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது என்னுடையது இல்லை.

உன் நாடியைத்தான் அன்று நீ என் காலில் தட்டிக் காட்டியிருக்கிறாய். மூத்தவளின் பழுது என்று அதை நான் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன்.

இப்படி... இப்படி...

புரியுது அம்மிணி.