பேய்க்கதைக்காரனை எங்கே தொடங்குவது

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு புத்தகக் கடையில் அந்தப் பேய்க்கதைக்காரனின் புது நாவலைப் பிரித்ததும் பசை வாடை அடித்தது. உன் நினைவு வந்துவிட்டது, தோழி. அட்டையில் வழக்கம்போல் கிணறு, பெண், அவிழ்ந்த கூந்தல். வாங்கவில்லை. "வருசத்துக்கு நாலு எழுதுறான். மூணு குப்பை" என்பாய், அவனை ஒன்று விடாமல் படித்த நீ.

பத்து பாகாட் ஊர் ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாம் பக்திப் புத்தகங்களைக் குவித்தார்கள். தலையணைக்குப் பக்கத்தில் பேய்க்கதையைக் கண்ட உன் அண்ணி முகம் சுளித்தாள்.

"இந்த நெலமையில இதையா படிக்கிறது?"

"இதைப் படிச்சா எனக்கு கேன்சர் வந்துச்சு, அண்ணி?"

கண் மங்கியதும் என்னைப் படிக்கச் சொன்னாய். நான் பேய்க்கதை பக்கமே போனதில்லை. எங்கே தொடங்குவது என்று வாசகர் வட்டத் தலைவரைக் கேட்டேன். "முதல் நாவல்லேர்ந்து வரிசையா வரணும்மா. அப்பதான் அவரோட பரிணாமம் புரியும்" என்றார். பரிணாமமாம்! சாகக் கிடப்பவளுக்கு வரிசை சொன்ன மேதை. நானும் மூளையில்லாமல் அதையே கொண்டுவந்தேன். இரண்டு பக்கத்துக்குள் மூன்று மின்னல், ஒரு நரி ஊளை.

"போதும் லா. இதை எழுதுறப்ப அவனுக்கே பயமில்ல. அந்த ஒல்லிப் புத்தகத்தை எடு. பொண்டாட்டி செத்தப்புறம் எழுதினது."

அதில் பேயே வரவில்லை. மனைவியை இழந்த ஒருவன் தினமும் இரண்டு தட்டில் சோறு போடுகிறான். ஒருநாள் இரண்டாவது தட்டும் காலியாகிறது. அவன் அலறவில்லை, மறுபடி பரிமாறுகிறான். நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான். யார்கிட்டயும் சொல்லல."

உன் அஞ்சலிக் கூட்டத்தில் தலைவர் உன்னைப் பற்றி நாலு வாக்கியம் பேசினார். பிறகு, புது வாசகர்கள் அவனை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று அரைமணி நேரம் விளக்கினார். நான் எழுந்தேன்.

"ஐயா, உங்களுக்கு எப்பயாவது பயம் வந்திருக்கா? வராதவங்க எதுல ஆரம்பிச்சாலும் ஒண்ணுதான்."

தலைவர் தண்ணீர் குடித்தார். மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவ்வளவுதான் முடியும்.

இப்போது அவனை எதில் தொடங்குவது என்று யாராவது என்னைக் கேட்டால், எதைக் கண்டு பயம் என்று திருப்பிக் கேட்கிறேன். முக்கால்வாசிப் பேர் இளிக்கிறார்கள். அவர்களுக்கு நான் எதுவும் சொல்வதில்லை. போன வாரம் சிம்பாங் ரெங்கத்திலிருந்து போனில் பேசிய ஒரு பெண் இளிக்கவில்லை. "அம்மாவுக்கு இனி நேரமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அக்கா" என்றாள். காரை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, அந்த ஒல்லிப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நானே உரக்கப் படித்தேன்.