அக்காவுக்குக் கிடைக்காத பங்கு

மார்ச் 3, செவ்வாய்

கடையில் பதினோரு மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்தினேன். இரண்டு லென்ஸ் உடைந்தன. முதலாளி முறைப்பதற்குள் ஆஸ்பத்திரிக்கு நழுவிவிட்டேன்.

எச்.ஐ.வி. வந்து பதினெட்டு வருஷம். ஒரு மாத்திரைகூட விழுங்காமல் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறேன். டாக்டரம்மாவுக்கு அதுதான் தலைவலி. "கிருமி நோஞ்சானா, இல்ல நீங்க கெட்டியான்னு தெரிஞ்சாகணும்மா."

என் கணவரை நாலே வருஷத்தில் கொண்டுபோன அதே கிருமி. நோஞ்சானாம்!

மார்ச் 10

சோதித்தாயிற்று. கிருமி நோஞ்சான் இல்லை. அப்படியானால் என் மரபணுவில் ஏதோ இருக்கிறதாம். கூடப் பிறந்தவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டுமாம். கடைசியில் வழக்கமான பாட்டு: "உடம்பு கடைசிவரைக்கும் இப்படியே காவல் காக்கும்னு சொல்ல முடியாது. மாத்திரையை ஆரம்பிச்சிடுங்க." வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

கூடப் பிறந்தது ஒரே ஒரு அக்கா. என் தட்டிலிருந்தே எடுத்துத் தின்பவள். என் கணவர் மஞ்சள் காமாலையில் போனதாகத்தான் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தால்? அவளும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மார்ச் 11

அக்காவுக்குப் போன் செய்தேன். மழையைப் பற்றிப் பேசினேன்.

மார்ச் 14, சனி

சொல்லித் தொலைத்தேன். கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தாள். பவர் பார்க்கும் சோதனை ஃபிரேமை அவள் மூக்கில் மாட்டி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டேன். நோய், மரபணு, அவள் ரத்தம் வேண்டும் என்பது, எல்லாம்.

"பதினெட்டு வருஷமாடி?" என்றாள். எழுந்து போயே விட்டாள். ஃபிரேம் அவள் மூக்கிலேயே போய்விட்டது. சிரிப்பதா அழுவதா? — அழுதேன்.

மார்ச் 17

முதலாளி ஃபிரேம் எங்கே என்கிறார். அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 19

டாக்டரம்மா அவசரமாக வரச் சொன்னார். ஓடினேன். உள்ளே அக்கா! கையை நீட்டி ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னியா? நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினேன்." பையிலிருந்து ஃபிரேமை எடுத்து நீட்டினாள். "தனியா கிடந்து அல்லாடியிருக்கியே, கழுதை."

ஏப்ரல் 9

முடிவு வந்தது. கிருமியை அடக்கிவைக்கிற அந்த மரபணு என்னிடம் இருக்கிறது, அக்காவிடம் இல்லை. அக்கா டாக்டரம்மா முன்னாலேயே சண்டைக்கு வந்துவிட்டாள்.

"பார்த்தீங்களா? அப்பா மூக்கு எனக்கு, அம்மா முடி இவளுக்கு. இப்ப இதுவும் இவளுக்கேவா? பெத்தவங்க ரெண்டு பேருமே ஓரவஞ்சனை!"

ஏப்ரல் 10

காலை ஏழு மணிக்குப் போன்.

"மாத்திரை போட்டியா?"

"எனக்கெதுக்கு? நான்தான் கெட்டியாச்சே."

"போடுடி. எனக்குத்தான் கொடுக்கல. உனக்குக் கொடுத்ததையாவது பத்திரமா வச்சுக்க."

விழுங்கினேன்.

"வாயைத் திறந்து காட்டு" என்றாள். போனில்!

திறந்து காட்டினேன்.