ஹோட்டல் பங்கை விற்ற நாள்

வத்தேகம
06.03.2011

அன்பு மகன் லெட்சுமணனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் உயிரோடும் இரண்டு கையோடும் இருக்கிறேன், இடது கையில் மட்டும் பதினேழு தையல். அங்கே கத்தார் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்கக் கதிர்காமத்து முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ கத்துகிறாய், நீ கத்தினால் நானும் கத்துகிறேன், கார்டு முடிந்துபோகிறது, பேசின பாடில்லை. போன செவ்வாய்க்கிழமை என்ன சொன்னாய்? இருபத்தோராம் திகதி வழக்குக்கு லீவு போட்டு வருகிறேன், அம்மாவை வெட்டின மாமாவின் கையைக் கோர்ட்டு வாசலில் வைத்தே வெட்டுவேன் என்றாய். ஆகவே இந்தக் கடிதத்தை இருந்த இருப்பில் வாசித்து முடி, பாதியில் மடித்து வைத்துவிட்டு டிக்கெட் எடுக்க ஓடாதே.

மக்கீன் முதலாளி உனக்குப் போனில் சொன்னது அரைகுறை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்றைக்கு வியாழக்கிழமை, பெப்ரவரி பத்து. காலையில் பங்குச் சந்தை திறந்த கையோடு கண்டியில் இருக்கும் என் புரோக்கருக்குப் போன் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றபோது வந்த காசில் நான் வாங்கின பங்குகளில் அந்த ஹோட்டல் கம்பனியும் ஒன்று என்று உனக்குத் தெரியும், கடற்கரையோரம் வெள்ளைக்காரர்களுக்குப் பெரிய பெரிய ஹோட்டல் நடத்துகிற கொழும்புக் கம்பனி. யுத்தம் முடிந்ததிலிருந்து விலை ஏறி ஏறி நான் வாங்கினதைப் போல் ஐந்து மடங்கில் நின்றது. நான் போனில் சொன்னது இவ்வளவுதான், ஹோட்டல் பங்கு முழுசையும் இன்னைக்கே வித்துடுங்க, வாங்குறது யாரா இருந்தா எனக்கென்ன என்றேன். முற்றத்துக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த உன் மாமி ராக்கம்மாவின் காதில் இது விழுந்தது. அவளுக்கு ஹோட்டல் என்றால் பக்கத்து வளவில் மக்கீன் முதலாளி நடத்துகிற சாப்பாட்டுக் கடை. பங்கு என்றால் உன் தாத்தா கணக்கப்பிள்ளை வேலை பார்த்து வாங்கி, எனக்குப் பாதி தம்பிக்குப் பாதி என்று விட்டுப்போன இந்த வீட்டில் என் பாதி. மக்கீன் முதலாளி கடையை அகலமாக்க ரோட்டுப் பக்கம் பத்து பேர்ச் நிலம் தருவீர்களா என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்தானே. அவள் ஈரச் சேலையோடு சந்தைக்கு ஓடியிருக்கிறாள், அங்கே வாழைக்குலை வெட்டி விற்றுக்கொண்டிருந்த தன் புருஷன் சுந்தரலிங்கத்திடம், அக்கா பங்க ஹோட்டலுக்கு வித்துட்டாங்க, இன்னைக்கே உறுதி எழுத்தாம் என்று சொல்லியிருக்கிறாள்.

உன் மாமன் குலை வெட்டுகிற கத்தியோடு கிளம்பிவிட்டான். முதலில் போனது மக்கீன் முதலாளியின் கடைக்கு. வடை அடுக்கியிருந்த கண்ணாடி அலுமாரியைக் காலால் உதைத்துத் தள்ளினான், கொதிக்கிற தேத்தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்தான், சாப்பிட்டுக்கொண்டிருந்த சனம் பிளேட்டோடு ரோட்டில் குதித்தது. என்ன ஏது என்று கேட்க வந்த முதலாளியின் முகத்தில் கத்திப் பிடியால் குத்தி மூக்கை உடைத்தான். சட்டையெல்லாம் இரத்தமாக அந்த மனுஷன், சத்தியமா நான் ஒண்டும் வாங்கல்ல சுந்தரலிங்கம் என்று கத்தின சத்தம் எனக்கு அடுப்படியில் கேட்டது. நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், அடுப்படி வாசலில் கத்தியோடு நிற்கிறான். யாருக்கு வித்த என்று ஒரு கேள்வி, அடுத்தது வெட்டு. கழுத்துக்கு வந்தது, கையைக் கொடுத்தேன், முழங்கைக்குக் கீழே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மற்றக் கையில் ரொட்டிக்கல் இருந்தது, அடுப்பில் காய்ந்த இரும்பு, பிடிக்குத் துணி சுற்றியிருந்தேன். அதால் அவன் முகத்தில் அடித்தேன். தோல் பொசுங்கின வாடை இன்னும் அந்த அடுப்படியை விட்டுப் போகவில்லை, எத்தனை தரம் கழுவியும் போகவில்லை. விழுந்தான். விழுந்தவனை மறுபடியும் அடித்தேன், அந்த அடியில்தான் தாடை உடைந்தது, இரண்டு பல்லும் போனது. மூன்றாவதும் அடித்திருப்பேன், உடைந்த மூக்கோடு ஓடிவந்த மக்கீன் முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வேனில்தான் இரண்டு பேரையும் ஏற்றினார்கள், நான் முன்னால், அவன் பின்னால், நடுவில் ராக்கம்மா என்னையும் என் வம்சத்தையும் திட்டித் தீர்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது புரோக்கர் போன் எடுத்து, எல்லாம் வித்தாச்சு டீச்சர், இன்னைக்கு நல்ல வில என்றார். சரிங்க என்று சொன்னேன், வேறென்ன சொல்ல.

இனி நீ போன மாதக் கடிதத்தில் கேட்டதற்கு வருகிறேன். கையில் வெட்டு விழுந்தாலும் டீச்சருக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. மாதம் மாதம் மிச்சம் பிடிக்கிற காசைக் கொழும்புப் பங்குகளில் போடலாமா, எத்தனை கம்பனி வாங்க வேண்டும் என்று கேட்டாய். வைத்தியச் செலவு, கலியாணச் செலவு, வீட்டு வாடகை என்று இரண்டு வருடத்துக்குள் தேவைப்படுகிற காசில் ஒரு சதமும் போடாதே. மிச்சத்தைப் போடு. ஒரே கம்பனியில் கொட்டாதே, நாற்பது கம்பனியிலும் தூவாதே, வருடாந்த அறிக்கையை உட்கார்ந்து வாசிக்க உன்னால் எத்தனைக்கு முடியுமோ அத்தனைதான். எனக்கு ஏழு. தேயிலை, வங்கி, சீமெந்து என்று வெவ்வேறு தொழிலாக இருக்கட்டும், மழை பெய்யாத வருடம் மூன்று தேயிலைக் கம்பனி வைத்திருந்தால் மூன்றும் சேர்ந்தே படுக்கும். புரோக்கர் கடன் தருகிறாராமே, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய், எழுதின கையை முறிப்பேன், எடுக்காதே. என்னோடு புசல்லாவையில் படிப்பித்த அழகம்மா டீச்சரின் மருமகன் அப்படித்தான் கடனில் வாங்கினான், விலை விழுந்த அன்றைக்கு கடனுக்காகப் புரோக்கர் இவனைக் கேளாமலே எல்லாவற்றையும் விற்றுவிட்டார், அவன் பெண்சாதியைப் போட்டு அடித்து அவளுக்கு விலா எலும்பு போனது. பங்கு விழுந்ததற்கு அவள் என்ன செய்வாள்? உன் அறையில் இருக்கிற பையன் சொல்கிற இரகசியப் பங்கைப் பற்றியும் கேட்டாய். கத்தாரில் சமையல் செய்கிறவன் காதுவரை வந்த செய்தி இரகசியமா? அவனை நல்ல குழம்பாக வைக்கச் சொல்.

விலை விழுந்தால் விற்பதா, ஏறினால் விற்பதா, எப்படித் தெரியும் என்றாயே, அதற்குத்தான் அந்தப் பச்சைக் கொப்பி. ஒவ்வொரு பங்கையும் வாங்குகிற அன்றைக்கே எதற்காக வாங்குகிறேன் என்று இரண்டு வரி எழுதி வைப்பேன். விலை விழுந்தால் கொப்பியை எடுத்துப் பார்ப்பேன், எழுதின காரணம் உயிரோடு இருந்தால் சும்மா இருப்பேன், காரணம் செத்திருந்தால் நட்டத்துக்கென்றாலும் விற்பேன். ஹோட்டல் கம்பனிக்கு நான் எழுதியிருந்தது, யுத்தம் முடியும், ஆட்கள் வருவார்கள், பங்கிலாபம் கூடும் என்று. யுத்தம் முடிந்தது, ஆட்களும் வந்தார்கள், ஆனால் விலை ஏறின வேகத்துக்கு இலாபம் ஏறவில்லை. கலகெதரையில் சலூன் வைத்திருக்கிறவர் கம்பனி பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல் அதை வாங்கினேன் என்றார், அன்றைக்கு முடிவெடுத்தேன். வங்கிப் பங்கு மூன்று வருடம் வாங்கின விலைக்குக் கீழேயே கிடந்தது, எல்லாரும் சிரித்தார்கள், நான் அசையவில்லை. கோபத்தில் ஒரு பங்கு வாங்கினதும் இல்லை, கோபத்தில் விற்றதும் இல்லை. உன் அப்பா இருந்தபோது சொல்வார், பாலம்மாவுக்கு இரத்தத்துக்குப் பதிலாகப் பச்சைத்தண்ணி ஓடுகிறது என்று. விலையைத் தினமும் பார்க்காதே, கிழமைக்கு ஒரு தரம் போதும்.

மாமாவை ஒன்பது நாள் கண்டி ஆஸ்பத்திரியில் கட்டிலோடு விலங்கு போட்டு வைத்திருந்தார்கள், இப்போது ரிமாண்ட். கொலை முயற்சி என்று எழுதியிருக்கிறார்கள். தாடைக்குக் கம்பி கட்டி, குழாயில் கஞ்சி குடிக்கிறானாம். இடது கன்னம் ரொட்டிக்கல் பட்ட அளவுக்கு வெந்துபோய்விட்டது. ராக்கம்மா என்னோடு பேசுவதில்லை, அவர்கள் பாதியான பின்கட்டிலிருந்து என் சுவரில் கல்லெறிகிறாள், நேற்று யன்னல் கண்ணாடி போனது. அழுகிறதும் கேட்கிறது. சட்டத்தரணி வந்து, நீங்க பயப்பட ஒன்னுமில்ல டீச்சர், கேட்டான், வெட்டினான்னு சொல்லுங்க, ரெண்டாவது அடியப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க, ஆளு பத்து வருஷம் உள்ள இருப்பான் என்றார். அவனுக்கு ஐம்பத்து நான்கு வயது, சீனி வருத்தம் வேறு. பத்து வருடம் என்றால் திரும்பி வரப்போவதில்லை. நீயும் அதைத்தானே கேட்கிறாய், உள்ளேயே கிடந்து சாகட்டும் என்று. எல்லாம் இருபத்தோராம் திகதி என் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதில் நிற்கிறது. பொலிசுக்கு நான் கொடுத்த வாக்குமூலத்தில், யாருக்கு வித்த என்று கேட்டான், நான் வாய் திறக்குமுன் வெட்டினான் என்று இருக்கிறது, கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. மேலே உனக்கும் அப்படித்தான் எழுதினேன்.

அது பொய், லெட்சுமணா. நான் வாய் திறந்தேன். அவன் கேட்டவுடனே வெட்டவில்லை. அப்பா வாங்குன வீடு அக்கா, யாருக்கு வித்த, சொல்லு என்று கேட்டுவிட்டு நின்றான். கத்தி கீழே தொங்கிக்கொண்டிருந்தது, அவன் அழுதுகொண்டிருந்தான். ஹோட்டல், பங்கு என்ற இரண்டு சொல்லும் எப்படிப் போய் எப்படி மாறியிருக்கிறது என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல் பொருள் படிப்பித்தவளுக்கு விளங்காமல் போகுமா? அது கொழும்புக் கம்பனிப் பங்குடா மடையா என்றால் முடிந்தது, கத்தியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து ரொட்டி தின்றிருப்பான். சொல்லவில்லை. உன் தாத்தா செத்த எட்டாம் நாள் சொந்தக்காரர் எல்லாரும் இருக்கும்போது, பொம்பளைக்கு எதுக்குப் பங்கு, அவளுக்குத்தான் மாதச் சம்பளம் வருதே என்று கேட்டவன் அவன். வீட்டு உறுதிப் பத்திரத்தில் பாதி எனக்கு என்று எழுதியிருந்தும் இருபத்திரண்டு வருடமாக எனக்கு முன்கட்டைத் தான் தானம் தந்த மாதிரியே நடந்தவன். முதல் தடவையாக எனக்கு ஒரு பங்கு இருக்கிறது, நான் அதை விற்கக்கூடியவள் என்று நினைத்து நடுங்கிக்கொண்டு என் முன்னால் நின்றான். எனக்கு அது இனித்தது. அந்த இனிப்பை உனக்கு எப்படிச் சொல்வேன், பெற்ற மகனுக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. நான் சொன்னேன், என்னோட பங்கு, மக்கீன் முதலாளிக்குத்தான் வித்தேன், நாளைக்குச் சுவர இடிக்க வருவாங்க, ஒன் சட்டிபானைய எடுத்துத் தெருவுல வச்சுக்க என்று. சிரித்துக்கொண்டு சொன்னேன். பிறகுதான் கத்தி வந்தது.

மூன்று வருடம் விழுந்து கிடந்த பங்கை அசையாமல் வைத்திருந்தவளுக்கு நாக்கை ஒரு நிமிடம் வைத்திருக்க முடியவில்லை. வெட்டினது அவன், அதற்கு அவன் தண்டனை பெறட்டும், மக்கீன் முதலாளியின் மூக்குக்கும் பெறட்டும். ஆனால் இருபத்தோராம் திகதி நீதவானிடம் நான் சொன்னதையும் சொல்லப் போகிறேன், விழுந்தவனை அடித்ததையும் சொல்லப் போகிறேன். சட்டத்தரணி தலையில் அடித்துக்கொள்வார், பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு என்னையும் பிடிப்பார்களாம். பிடிக்கட்டும். டீச்சர் பொய் சொன்னாள் என்று வத்தேகம முழுக்கச் சிரிக்கும், அதுதான் எனக்கு விலங்கைவிடப் பயமாக இருக்கிறது, என்றாலும் சொல்வேன்.

உனக்கு முருகன் நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும், என்னிடமிருந்து வந்த கோபத்தை உன் இரத்தத்திலிருந்து எடுத்துவிடட்டும். சீனி வருத்தம் நம் பக்கத்தில் இருக்கிறது, அங்கே வருடத்துக்கொரு தரம் இரத்தம் சோதித்துப் பார், மறந்துவிடாதே. வழக்குக்கு வருவதென்றால் வா, தடுக்கவில்லை. ஆனால் கை வெட்டத்தான் வருகிறாய் என்றால் கோர்ட்டு வாசலில் மாமாவைத் தேடாதே. நேரே வீட்டுக்கு வா, அவனை வெட்ட வைத்தவள் அடுப்படியில்தான் இருப்பாள்.

உன்னைப் பெற்றவள்,
பாலம்மா